சாங்கியிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஊருக்குப் போகும் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் பற்றியவை. விமானங்களுக்குப் பாதையும் எரிபொருளும் கணக்குப் போடுகிற வேலையில்தான் என் உத்தியோக காலம் கழிந்தது. அதனால் ஆசிரியர் எல்லாவற்றையும் என்னிடமே அனுப்பிவைத்துவிட்டார். எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் பேத்தி, சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று பள்ளிப் பாடத்துக்காகக் கேட்டாள். ஓரிடத்தில் 2,920 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 1,580 என்று இருக்கிறது. போன முறை விமானத்தில் இருக்கைத் திரையில் 3,000-ஐத் தாண்டிக் காட்டியது. எது சரி?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மூன்றுமே சரிதான் ஐயா. சாங்கி விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் வரை பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். 1,580 என்பதும் அதே தூரம்தான், ஆனால் கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களைப் போலவே விமானிகளும் கடல் மைலில்தான் கணக்குப் போடுவார்கள். பேத்தியைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட அதே எண் வரும்.

திரையில் நீங்கள் பார்த்தது விமானம் உண்மையிலேயே பறக்கும் பாதையின் நீளம். சாங்கியின் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைந்தவை. சென்னையோ வடமேற்கில் இருக்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதை எதிர்த்துத்தான் விமானம் மேலெழும். சில நாள் தெற்கு நோக்கிக் கிளம்பி, ஒரு பெரிய திருப்பம் போட்டுத்தான் மேற்கே போகும். வானத்திலும் வகுத்து வைத்த பாதைகள் உண்டு. அவை குறுகிய கோட்டின் மேலேயே எப்போதும் போவதில்லை. சென்னையை நெருங்கிய பிறகும் வரிசையில் வந்து இறங்க வேண்டும். இப்படியெல்லாம் சேர்ந்து தூரம் கூடிவிடுகிறது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மலாக்கா நீரிணை, மெடான் பக்கமாகச் சுமத்ராவின் வடபகுதி, கிரேட் நிக்கோபார் தீவின் அருகே, அப்புறம் முழுக்க வங்காள விரிகுடா. பாடத்தில் எழுத 2,920 போதும். 'சுமார்' என்று சேர்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: அத்தையின் பயணச்சீட்டில் சிங்கப்பூரிலிருந்து இரவு 8.00 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் 9.40-க்கு வந்து சேர்வதாக இருக்கிறது. வரும்போது இரவு 11.00 மணிக்குக் கிளம்பி, விடிகாலை 5.45-க்கு வந்து சேர்கிறது. போக ஒன்றேமுக்கால் மணி நேரம்கூட இல்லை, வர ஏழு மணி நேரமா?
- வாசகி, பொங்கோல்

பதில்: சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னையில் 9.40 என்றால் நம் ஊரில் நள்ளிரவு தாண்டி 12.10. ஆகவே பயணம் நான்கு மணி பத்து நிமிடம். திரும்பும்போது சென்னையின் 11.00 நமக்கு 1.30. அங்கிருந்து 5.45 வரை நாலே கால் மணி நேரம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மூத்த வாசகர்கள் சிலர் இன்னும் "ஊருக்கும் நமக்கும் இரண்டு மணி வித்தியாசம்" என்பார்கள். அவர்கள் இளமையில் அது உண்மை. 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்தது. அன்றிலிருந்துதான் இரண்டரை.

ஒன்று சொல்கிறேன். பயணச்சீட்டை வயதானவர்களிடம் கொடுக்கும்போது, இரண்டு நேரத்தையும் சிங்கப்பூர் நேரத்தில் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். "நம்ம வீட்டுக் கடிகாரத்தில் 12.10 ஆகும்போது அத்தை அங்கே இறங்கியிருப்பார்" என்று தெரிந்தால் வீட்டிலிருப்பவர்களும் பத்து மணிக்கே பதறிப்போய்க் கைத்தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. இந்த நாலே கால் மணி நேரமும் வானத்தில் கழிவதில்லை. விமானம் வாயிலை விட்டு நகரத் தொடங்கிய நிமிடத்திலிருந்து, அங்கே போய் வாயிலில் நின்று சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கும் நிமிடம் வரை உள்ள மொத்தக் கணக்கு அது. எங்கள் தொழிலில் இதை 'பிளாக் டைம்' என்போம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் இதற்குள் அடக்கம். கொஞ்சம் தாமதத்துக்கும் இடம் விட்டுத்தான் அட்டவணை போடுவார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கே போய்ச் சேர்வது இதனால்தான். வழியில் யாரும் வேகத்தைக் கண்டபடி கூட்டுவதில்லை.

கேள்வி: மேற்கே பறந்தால் எதிர்காற்று, கிழக்கே பறந்தால் பின்காற்று, அதனால் ஊருக்குப் போகத்தான் நேரம் அதிகம் என்று படித்திருக்கிறேன். ஆனால் சென்ற ஜூலையில் சென்னைக்குப் போனது சீக்கிரம் முடிந்தது, திரும்பி வரத்தான் நேரமானது. ஏன்?
- வாசகர், தெம்பனீஸ்

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கவனித்துப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

நீங்கள் படித்தது ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் பக்கம் பறப்பவர்களுக்குப் பொருந்தும். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் வலுவான காற்றோட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் ஒரு கிளை வட இந்தியாவின் மேலேயும் ஓடும். டிசம்பர், ஜனவரியில் இங்கிருந்து டில்லிக்குப் போகிறவர்கள் அதில் மாட்டுவார்கள். டில்லி 4,150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். குளிர்காலத்தில் போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நம் தென்னிந்தியப் பாதையின் கதை வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையருகே காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, கேரளத்தை நனைக்கிறது. இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே போனால் காற்று அப்படியே எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. கோடையில் திபெத்தியப் பீடபூமியும் வட இந்தியாவும் சூடேறி, வடக்கே இருக்கும் காற்று தெற்கே கடல்மேல் இருப்பதைவிட வெப்பமாகிவிடுகிறது. வழக்கமான ஏற்பாடு தலைகீழாவதால் உயரத்துக் காற்றும் திசை மாறுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று இதற்குப் பெயர். ஜூன் பிற்பாதியில் நிலைபெற்று செப்டம்பர் தொடக்கம் வரை இருக்கும். இது வலுவாக வீசுவது கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகையில்தான். இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் இதை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

இந்தக் காற்றின் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கும். ஆனாலும் நம் விமானங்கள் அதன் கீழ்ப்பகுதியில் நன்றாகவே சிக்கும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர், காற்று 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று பின்னாலிருந்து தள்ளினால் 2,920 கிலோமீட்டரை மூன்று மணி 13 நிமிடத்தில் கடக்கும். எதிரே அடித்தால் மூன்று மணி 42 நிமிடம். போக வர அரை மணி நேரம் வித்தியாசம் வந்துவிட்டது பாருங்கள். தூரத்தில் ஒரு முழம்கூட மாறவில்லை.

ஜூலையில் சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு எரிபொருள் கூடுதலாகப் போடச் சொல்வது எங்கள் பிரிவில் வழக்கம். காற்று வரைபடத்தைப் பார்க்காமல் ஒரு விமானத்தையும் அனுப்ப முடியாது. இத்தனைக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் பயணிக்கு ஜன்னலில் ஒன்றுமே தெரியாது. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தே பிடித்துவிட்டீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். சென்னை 2,920, திருச்சி 2,980 என்றால் சென்னைதானே அருகில்? சீட்டும் சில நேரம் மலிவாக இருக்கிறது. கொழும்பு வழியாகத் திருச்சி போகும் சீட்டு இன்னும் மலிவு, தூரமும் அதிகமில்லை என்கிறார் முகவர்.
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வேண்டாம், இப்படிக் கணக்குப் போடாதீர்கள். வானத்தில் 60 கிலோமீட்டர் என்பது நாலைந்து நிமிடம். மீனம்பாக்கத்தில் இறங்கித் தஞ்சாவூருக்குச் சாலையில் போனால் 300 கிலோமீட்டருக்கு மேல், ஐந்தாறு மணி நேரம். திருச்சியில் இறங்கினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வீடு. பெட்டி, பிள்ளைகள், தூக்கம் கெட்ட கண்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். சென்னைச் சீட்டில் மிச்சம் பிடித்த வெள்ளி, வாடகைக் காருக்கே போய்விடும்.

கொழும்பு விஷயத்தில் முகவர் சொல்வது தூரக் கணக்கில் உண்மை. சிங்கப்பூரிலிருந்து கொழும்பு சுமார் 2,750, அங்கிருந்து திருச்சி 420. மொத்தம் 3,170. நேரே போவதைவிட 190 கிலோமீட்டர்தான் அதிகம். ஆனால் கொழும்பில் இறங்கி, மறுபடி சோதனைக்கு நின்று, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். அது இரண்டு மணி நேரமா எட்டு மணி நேரமா என்பதைச் சீட்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தனியாகப் போகும் இளைஞருக்குப் பரவாயில்லை. ஊழியர் விடுதியில் இருந்துகொண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் தம்பிகளுக்கு ஒவ்வொரு வெள்ளியும் முக்கியம், அவர்களை நான் தடுக்க மாட்டேன். கைக்குழந்தையோடு போகும் குடும்பத்துக்கு நேர்விமானம்தான் நல்லது.

பொதுவாகச் சொன்னால்: புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பெரம்பலூர்க்காரர்களுக்குத் திருச்சி. திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்றால் கோயம்புத்தூர். அது சுமார் 3,160 கிலோமீட்டர், சென்னையைவிடக் கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். விருதுநகர், சிவகாசி, தேனிக்கு மதுரை, சுமார் 3,010. ஆனால் மதுரைக்குத் தினமும் நேர்விமானம் கிடைக்கும் என்று எண்ணி விடுப்பு போட்டுவிடாதீர்கள். முதலில் நாளைப் பார்த்துச் சீட்டை எடுங்கள், அப்புறம் விடுப்பு. காரைக்குடிக்காரர்களுக்குத் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம். எந்த நேரத்தில் போய் இறங்குகிறது என்று பார்த்து எடுங்கள். நடுராத்திரியில் இறங்கிக் கார் பிடிப்பதைவிடப் பகல் விமானம் எவ்வளவோ மேல்.

பொங்கலுக்குச் சென்னை போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போகியன்று விடிகாலையில் பழையதை எரிக்கும் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போவதுண்டு. அப்படிப்பட்ட காலைகளில் விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அன்று ஒருநாள் மட்டும் விடிகாலை விமானத்தைத் தவிர்க்கலாம்.

கேள்வி: நீரிழிவுள்ள அம்மா முதன்முறையாகத் தனியாகத் திருச்சியிலிருந்து வருகிறார். இன்சுலின் போடுகிறார். நான்கு மணி நேரம் தாங்குமா என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, ஈசூன்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஆனால் நான்கு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்புவது, மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருப்பது, இங்கே இறங்கிக் குடிநுழைவு முடித்துப் பெட்டி எடுப்பது என்று பார்த்தால் குறைந்தது ஒன்பது மணி நேரம். அத்தனை நேரத்துக்கும் சாப்பாட்டை யோசியுங்கள். மலிவுக் கட்டண விமானங்களில் முன்கூட்டியே பணம் கட்டாவிட்டால் சாப்பாடு வராது. இட்லி, பிஸ்கட், ஏதாவது கைப்பையில் இருக்கட்டும்.

இன்சுலினைப் பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது, அங்கே உறைந்துபோகலாம். கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருத்துவரின் சீட்டோடு. இங்கே வந்தால் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறதல்லவா, ஊசி எந்த நேரத்துக்கு என்பதை ஊரிலிருக்கும் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அண்டை வீட்டார் சொல்வதை நம்ப வேண்டாம்.

சக்கர நாற்காலிக்கு இப்போதே விமான நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள். நடக்க முடிகிறவர்தான் என்றாலும் கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சாங்கியில் வாயிலிலிருந்து குடிநுழைவு வரை நடை நீளம், நாற்காலியைத் தள்ளி வருபவர் வழியும் காட்டிவிடுவார். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடலாம். வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

எந்த முனையம் என்று முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பெருவிரைவு ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே இருக்கிறது. நான்காம் முனையம் தனியாக இருக்கிறது, அங்கே போக இலவசப் பேருந்து பிடிக்க வேண்டும். தரையிறங்கிய நேரத்துக்கு அப்புறம் முக்கால் மணி நேரம் வரை அம்மா வெளியே வராவிட்டாலும் கவலைப்படாதீர்கள். ஆனால் வெளியே வரும்போது முதலில் அவர் கண்ணில் படுவது நீங்களாக இருக்க வேண்டும்.

கேள்வி: உலகத்திலேயே நீண்ட விமானப் பயணம் நம் சிங்கப்பூரிலிருந்துதான் என்கிறார் என் ஆசிரியர். அது வட துருவத்தின் மேலே போகுமா?
- மாணவர், செங்காங்

பதில்: ஆசிரியர் சொன்னது சரி. சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் தொடங்கிய சேவை, இடையில் எங்கும் நிற்காத பயணிகள் சேவைகளில் இப்போது மிக நீளமானது. குறுகிய கோட்டில் 15,300 கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல்.

துருவம் பற்றி நீ கேட்டது அருமையான கேள்வி. சிங்கப்பூர் 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, நியூயார்க் 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. சரியாக 180 வந்திருந்தால் குறுகிய கோடு துருவத்தின் மேலேயே போயிருக்கும். இரண்டு பாகைதான் குறைவு என்பதால் துருவத்தை ஒட்டிப் போகிறது. ஆனால் இங்கிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பிடிப்பதில்லை. பசிபிக் பெருங்கடலின் மேலே, மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்றில் ஏறிக்கொண்டு போகிறது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்கூடக் கூடலாம், ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். மேலே தெம்பனீஸ் அண்ணனுக்கு எழுதியதையும் படித்துப் பார்.

கேள்வி: கோலாலம்பூர் 300 கிலோமீட்டர்தானே? சென்னைக்குப் போகும் வேகத்தில் இருபது நிமிடத்தில் போக வேண்டியது ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது? அண்ணன் வீடு சிரம்பானில். பேருந்தா, விமானமா?
- வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: விமானம் முழு வேகத்தில் பறக்க முதலில் உயரே போக வேண்டும். ஏறி முடிக்கும்போதே பாதி வழி வந்துவிடுகிறது, உடனே இறங்கத் தொடங்க வேண்டும். தரையில் ஊர்வதும் காத்திருப்பதும் சென்னைப் பயணத்துக்கு ஆகும் அதே நேரம்தான். அதனால் ஒரு மணி நேரம்.

சிரம்பான் என்றால் பேருந்திலேயே போங்கள். நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்கு முன்னாலேயே வந்துவிடும், பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் நாலைந்து மணி நேரம். விமானத்தில் போனாலும் சாங்கியில் இரண்டு மணி நேரம் முன்னதாக நின்று, சிப்பாங்கில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்தால் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். வெள்ளிக்கிழமை மாலையையும் நீண்ட வார இறுதியின் முதல் காலையையும் மட்டும் விட்டுவிடுங்கள். செவ்வாய், புதனில் விடிகாலைப் பேருந்து கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.